வணக்கம் சொல்லாத மாப்பிள்ளை

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் ஜீவன் கையிலிருந்த ஆப்பிள் தட்டை மெல்ல உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"தட்ட எறக்குடா," என்று அம்மா புஷ்பவள்ளி பின்னாலிருந்து முழங்கையால் இடித்தாள். "பொண்ணோட அப்பாடா. வணக்கம் சொல்லு."

வணக்கம் சொல்ல முடியாது. அதுதான் சிக்கல்.

பெக்கான் நானாஸ் ஊரில் அந்த வீட்டு வாசலில் பட்டு வேட்டியோடு நின்றவர், கடந்த ஆறு சனிக்கிழமைகளாக மாசாய் நகரில் ஜீவனின் ஆலோசனை அறைக்கு வந்து, சோபாவின் இடது மூலையில் உட்கார்ந்து, தன் மனைவியைப் பற்றிக் குறை சொன்ன மிஸ்டர் பெர்னார்ட். அவருக்குப் பின்னால் குங்குமச் சிமிழோடு வந்து நின்ற அம்மாள், அதே சோபாவின் வலது மூலையில் உட்கார்ந்து அவரைப் பற்றிக் குறை சொன்ன மிஸஸ் இன்பராணி.

தன் பெற்றோர் பெயர் காளிதாஸ், யோகேஸ்வரி என்றுதான் பெண் ரூபினி சொல்லியிருந்தாள். பொய்ப் பெயரில் ஆலோசனைக்கு வருவது ஒன்றும் அதிசயமில்லை. ஒருவர் மனநல ஆலோசகரிடம் போகிறார் என்று தெரிந்தால், அவர் வீடு திரும்புவதற்குள் "பாவம், மூள கொழம்பிருச்சாம்" என்ற செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் ஜீவன் பெயரைக் கேட்பான். அடையாள அட்டையைக் கேட்கமாட்டான். மிஸஸ் இன்பராணியின் நெற்றியில் வாரம் தவறாமல் விபூதி இருந்ததைக்கூட அவன் சந்தேகப்படவில்லை. 'கலப்பு மணம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

ஜீவனுக்கு ஒரு விதி உண்டு. ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவான்: "பாசார்ல பார்த்தாலும் சரி, கோயில்ல பார்த்தாலும் சரி, நான் உங்கள தெரிஞ்ச மாதிரி காட்டிக்கமாட்டேன். நீங்களா பேசினாத்தான் பேசுவேன். கோவிச்சிக்காதீங்க." இந்த விதியைக் கேட்டு மிஸ்டர் பெர்னார்ட் அன்றைக்கு மிகவும் மகிழ்ந்துபோனார். "நல்ல ரூல் லா தம்பி," என்று இரண்டு முறை சொன்னார்.

இப்போது அவர் பேசவில்லை. அதனால் ஜீவனும் பேசவில்லை. குறுகலான தோட்டத்துச் சாலையில் எதிரெதிரே வந்து நின்றுவிட்ட இரண்டு லாரிகளைப்போல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கையில தட்டு இருக்குல்ல, அதான் புள்ள கும்பிட முடியாம நிக்கிறான்," என்று புஷ்பவள்ளி சமாளித்தாள்.

"வாயிலயுமா தட்டு இருக்கு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் அய்யாவு. யோகேஸ்வரியின் தம்பி, ரூபினிக்குத் தாய்மாமன். குறை கண்டுபிடிக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலேயே ஏற்றுக்கொண்டவர்.

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். புஷ்பவள்ளி ஐந்து தட்டுகளையும் வரிசையாக அடுக்கி வைத்தாள். பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும், அதற்குமேல் நேரம் நன்றாக இல்லை என்று அவள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது பதினொன்று.

ரூபினி மஞ்சள் சேலையில் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஜீவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

எட்டு மாதத்துக்கு முன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச அவனை அழைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் பேசி முடித்து, "கேள்வி இருக்கா?" என்று கேட்டான். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒரே ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், சாப்பாட்டு நேரத்துல பிடிச்சு வச்சு இப்படிப் பேசினா வர்ற மன அழுத்தத்துக்கு என்ன வழி?" அன்றைக்கே ஜீவன் முடிவு செய்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கட்டுவதில்லை.

அவளுடைய பெற்றோரின் புகைப்படத்தை அவன் பார்க்காமல் இல்லை. பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம், கோவிட் காலம். மூன்று பேரும் முகக்கவசத்தோடு நின்றார்கள்.

"தம்பி என்ன செய்றாருன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க," என்று அய்யாவு புஷ்பவள்ளியிடம் தொடங்கினார்.

புஷ்பவள்ளி இதற்காகவே காத்திருந்தவள். "மொதல்ல அஞ்சு வருஷம் ஃபேக்டரியில ஆள் நிர்வாகத்துல இருந்தான். ஓவர்டைம் வேணும்னு கேட்டு வர்றவங்க எல்லாம் இவன்கிட்ட ஒக்காந்து பொண்டாட்டிய பத்தி அழுதுட்டுப் போவாங்களாம். சரி, அழறவங்களுக்கு ஒழுங்கா ஒரு வழி சொல்லலாமேன்னு ராத்திரியும் பகலுமா படிச்சான். மாஸ்டர்ஸ் முடிச்சான், ஆலோசகரா பதிவும் பண்ணிட்டான். இப்ப சொந்தமா கவுன்சலிங் சென்டர். டாக்டர் மாதிரிதான், ஊசி மட்டும் போடமாட்டான்."

"புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் தீர்ப்பாராமே?" என்று அய்யாவு கேட்டார்.

"தீர்ப்பானா? மாசாய்ல பாதிப் பேரு இவனாலதான் சேர்ந்து இருக்காங்க!"

காளிதாஸ் விட்டத்தைப் பார்த்தார். யோகேஸ்வரி குங்குமச் சிமிழைத் திறந்து மூடினார்.

"நல்ல எடம் லா அது," என்றார் அய்யாவு. "மேல உங்க சென்டரு, எதிர்த்தாப்புல ரொட்டி சானாய் கடை. அந்தக் கடையில டால் சும்மா அள்ளும்."

"நீங்க அங்க வந்திருக்கீங்களா?" என்று புஷ்பவள்ளி ஆச்சரியப்பட்டாள்.

காளிதாஸ் பலமாக இருமினார். அய்யாவு, "ரொட்டிக்காக ஊர் ஊரா போவேன்," என்று முடித்துக்கொண்டார்.

"எதுக்கும் மாப்பிள்ளைய நாலு எடத்துல விசாரிச்சிருக்கணும்," என்று அவரே மறுபடியும் ஆரம்பித்தார். "விசாரிக்காம பொண்ணு குடுத்ததா நம்ம குடும்பத்துல சரித்திரமே கெடயாது."

"மாமா!" ரூபினியின் குரல் கத்திபோல் வந்தது. "முன்ன லாபிஸ் ஊர்ல பாத்த சம்பந்தம் எதனால கெட்டுச்சு? அப்பா தொப்பி போட்டுக்கிட்டுப் போயி அந்தப் பையன பத்தி முடிவெட்றவர்கிட்ட வரைக்கும் கேட்டாரு. அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இந்தத் தடவ யாரும் யாரையும் நோண்டக்கூடாதுன்னு சாமி விளக்கு முன்னால சத்தியம் வாங்கியிருக்கேன். மறந்துட்டீங்களா?"

"மறக்கல, மறக்கல," என்றார் காளிதாஸ் அவசரமாக. வீட்டில் அவர் பயப்படும் ஒரே ஆள் மகள்தான் என்பது அந்த அவசரத்திலேயே தெரிந்தது.

ஜீவனுக்கு இது எதுவும் காதில் சரியாக ஏறவில்லை. அவன் மண்டைக்குள் வேறு ஒரு சபை கூடியிருந்தது. ஆலோசனைக்கு வந்தவர்களுடைய குடும்பத்தில் ஆலோசகர் சம்பந்தம் செய்யக்கூடாது. அது தொழில் தர்மம், எழுதியே வைத்திருக்கிறார்கள். சரி, வேண்டாம் என்று எழுந்து போகலாம் என்றால், காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் இவர்கள் ஆலோசனைக்கு வந்த ரகசியம் வெளியாகிவிடும். சொல்லாமல் போனால் ரூபினி போய்விடுவாள். சொல்லாமல் இருந்தால் தர்மம் போய்விடும்.

அதுவும் சாதாரண ஜோடியா இவர்கள்? ஜீவன் பெருமைப்பட்ட ஜோடி! முதல் வாரம் வந்தபோது, குறை சொல்லுங்கள் என்றால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். மிஸ்டர் பெர்னார்ட் நெடுநேரம் யோசித்து, "இவ... சில நேரம் சத்தமா தும்முவா," என்றார். 'ஆழமாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள்' என்று ஜீவன் எழுதிக்கொண்டான். தங்களைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றியே கேட்டார்கள்: தம்பிக்குக் கோபம் வருமா, சிகரெட் உண்டா, அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள். 'பேச்சை மாற்றுகிறார்கள்' என்று அதையும் எழுதிக்கொண்டான். பிறகு தன் கைப்பட வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்தான். மெல்ல மெல்ல மூடி திறந்தது. நான்காம் வாரம் மிஸஸ் இன்பராணி சோபாவின் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். ஆறாம் வாரம் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஜீவனுக்கு மனம் நிறைந்துபோனது.

"என்னாச்சு, முகம் ஏன் இப்படி வேர்க்குது?" என்று ரூபினி மெதுவாகக் கேட்டாள்.

"லேசா தலவலி," என்றான் ஜீவன்.

சொல்லியிருக்கக்கூடாது. அய்யாவு ஒரே பாய்ச்சலில் போய்த் தைலக் குப்பியோடு வந்தார். "நம்மகிட்ட இருக்கு பாருங்க நல்ல தைலம்," என்று நெற்றி முழுக்க அப்பினார். வியர்வையோடு சேர்ந்து அது இரண்டு கண்ணுக்குள்ளும் இறங்கியது. ஜீவன் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டான்.

"அலமாக், மாப்ள அழுவுறாரு!" என்றார் அய்யாவு.

"பொண்ண பாத்ததும் சந்தோசத்துல அழுவுறான்," என்றாள் புஷ்பவள்ளி.

"சந்தோசத்துல அழுவுற மாதிரி தெரியலயே."

ஜீவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே குளியலறைக்கு ஓடினான். அது வீட்டுக்குப் பின்னால், சமையலறையைத் தாண்டி இருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தொலைபேசியை எடுத்தான்.

அமண்டா அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஜொகூர் பாருவில் இருபது ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு, அக்கா, மேடம் எதுவும் பிடிக்காது, எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சிக்கலான நேரத்தில் அவரிடம் யோசனை கேட்பது தொழில்முறை வழக்கம்தான்.

"அமண்டா, நான்தான். ரொம்ப அவசரம்," என்று ஜீவன் கிசுகிசுத்தான். ஆள் பெயர் சொல்லாமல் விஷயத்தைக் கொட்டினான்.

"கட்டிக்க முடியாது ஜீவன். உனக்கே தெரியும்," என்றார் அமண்டா.

"அய்யோ அமண்டா, அப்படிச் சொல்லாதீங்க. வேற வழியே இல்லையா?"

"அவங்க உண்மையான கிளையண்ட்டே இல்லன்னாத்தான் வழி. ஆறு வாரம் வந்திருக்காங்கன்னு நீயே சொல்ற. நாகரிகமா எழுந்து வந்துடு. காரணம் மட்டும் யாருக்கும் சொல்லக்கூடாது. அந்தப் பொண்ணுக்கும்தான்."

"அப்ப ரூபினிய கட்டிக்க முடியாது. அவகிட்ட எதுவும் சொல்லவும் கூடாது. சரி அமண்டா, நீங்க சொன்னா சரிதான். உங்கள விட்டா எனக்கு யார் இருக்கா?" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டுக் குழாயை மூடினான்.

குழாய் நின்றதும் வெளியே யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தான். தைலக் குப்பியோடு அய்யாவு நின்றிருந்தார். ஜீவனை மேலும் கீழும் பார்த்தார். கூடத்தை நோக்கித் திரும்பி நடந்தார்.

ஜீவன் அவர் பின்னால் போகும்போதுதான் சமையலறையில் அந்தப் பயங்கரத்தைக் கண்டான். குளிர்ப்பெட்டிக் கதவில், அன்னாசிப் பழ வடிவக் காந்தத்துக்குக் கீழே, அவனுடைய கையெழுத்தில் ஒரு காகிதம்: 'இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்து சொல்லாத ஒன்றை வாரம் ஒருமுறை சொல்லுங்கள். அடுத்தவர் குறுக்கே பேசக்கூடாது.' அம்மா தண்ணீர் குடிக்க இந்தப் பக்கம் வந்தால் போதும். மகனின் கோழிக் கிறுக்கலை அவள் இருட்டிலும் கண்டுபிடிப்பாள். அப்புறம் ரகசியம் அம்பலம்.

சட்டென்று உருவிச் சட்டைப்பையில் திணித்தான். நிமிர்ந்தால், கூடத்துக்குள் நுழையப்போன அய்யாவு திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் அடுத்த இரண்டு நிமிடங்களில் நடந்ததை ஜீவன் தன் வாழ்நாளில் மறக்கமாட்டான்.

குளியலறைக் கதவோரம் கேட்டதையெல்லாம் அய்யாவு முதலில் சபையில் கொட்டினார். "யாரு அமண்டா?" என்று ரூபினி எழுந்து நின்று கேட்டாள்.

"என் சீனியர். தொழில்ல எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க."

"தொழில் விசயத்த பேசறதுக்கு எதுக்குக் குளிக்கிற ரூமுக்குப் போனீங்க? கொழாய எதுக்குத் தொறந்து விட்டீங்க?"

அதற்கு ஜீவனிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

"என்னைய கட்டிக்க முடியாதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

அதற்கும் பதில் இருந்தது.

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நானே கேக்கறேன்."

ஜீவனுக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. அமண்டா பெரிய மனுஷி, பேச்சிலேயே தெரிந்துவிடும். எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டான். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"ஜீவன்? இப்ப தனியா இருக்கியா?" என்றார் அமண்டா.

அய்யாவு மச்சானைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஹலோ, நான் ரூபினி. உங்களுக்கும் ஜீவனுக்கும் என்ன தொடர்பு?"

மறுமுனையில் அமண்டாவுக்கு நிலைமை புரிந்துவிட்டது. தான் யார், எதற்காக ஜீவன் கூப்பிட்டான் என்று விளக்கினால், அந்த வீட்டில் யாரோ ஆலோசனைக்கு வந்திருக்கிறார்கள் என்பது வெளியே வந்துவிடும். இருபது ஆண்டு அனுபவம் வீண்போகவில்லை.

"அத நான் சொல்ல முடியாது, மா," என்றார் கனிவாக. "ஜீவன் என்கிட்ட பேசறது எல்லாம் எங்க ரெண்டு பேருக்குள்ள மட்டும்தான் இருக்கும்." தொலைபேசியை வைத்துவிட்டார்.

"படிக்கப் போறேன் படிக்கப் போறேன்னு ஜொகூர் பாருவுக்கு ஓடினது இதுக்குத்தானாடா?" என்று புஷ்பவள்ளி தலையில் கைவைத்தாள்.

"அது மட்டும் இல்ல," என்றார் அய்யாவு. "ஃப்ரிட்ஜ் பக்கத்துல இருந்து ஒரு பேப்பர உருவி பாக்கெட்ல போட்டாரு. எடுக்கச் சொல்லுங்க, என்னான்னு பாப்போம்."

காளிதாஸும் யோகேஸ்வரியும் ஒரே நேரத்தில் வெளிறிப்போனார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்ததும் ஜீவனுக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், எவ்வளவு பயப்படுகிறார்கள். தன்னை நம்பி வந்தவர்கள்.

"காட்டுங்க," என்று ரூபினி கையை நீட்டினாள்.

ஜீவன் காகிதத்தை எடுத்தான். தட்டிலிருந்த லட்டு ஒன்றையும் எடுத்தான். காகிதத்தைச் சுருட்டி, லட்டுக்குள் வைத்து அழுத்தி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டான்.

"தின்னுட்டாரு!" என்று அய்யாவு கூவினார்.

விழுங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. பாதியில் அடைத்துக்கொண்டது. ஜீவனின் முகம் சிவந்து நீலமாவதைப் பார்த்து யோகேஸ்வரி உள்ளே ஓடிப்போய் ஒரு குவளைச் சாற்றோடு வந்தார். இரண்டு மிடறில் காகிதம் இறங்கியது.

"அன்னாசி ஜூஸ்," என்றார் காளிதாஸ் பெருமையாக. "காலையில நானே போயி நல்ல பழமா பாத்து வாங்கியாந்தேன். நீயும் ஒரு வாய் குடி யோகேஸ்."

"எனக்கு வேணாம்."

"விருந்தாளிங்க முன்னால குடிச்சா என்ன? கொறஞ்சா போயிருவ?"

"எனக்கு அன்னாசியே பிடிக்காதுன்னு நாலு வாரத்துக்கு முந்தி சொன்னேன்ல?" யோகேஸ்வரியின் குரல் உயர்ந்தது. "நீங்க அன்னாசிய டின்னுல அடைக்கிற கேனரியில வேல செஞ்ச காலம் பூரா தெனமும் ஒரு பழம். கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து அன்னாசிக் கறி, அன்னாசிப் பச்சடி, அன்னாசி ஊறுகா! ஒரு நாளாச்சும் ஒனக்குப் பிடிக்குமான்னு கேட்டீங்களா?"

"பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும்! முப்பது வருஷம் கழிச்சா சொல்றது?"

"அன்னைக்குச் சொன்னா கேட்டுருப்பீங்களா?"

"நீ தும்முறத நான் எத்தன வருஷமா பொறுத்துக்கிட்டு இருக்கேன்!"

இருவரும் கத்தியபடியே, ஆறு வாரப் பழக்கத்தில், ஒரே நேரத்தில் ஜீவன் பக்கம் திரும்பினார்கள். ஜீவனும் ஆறு வாரப் பழக்கத்தில் கையை உயர்த்திவிட்டான்.

"ஒரு நிமிஷம். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க குறுக்கே பேசக்கூடாது. சார், இப்ப அம்மா சொன்னத உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க."

காளிதாஸ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "நான் அவள ஒரு வார்த்த கேக்காமயே முப்பது வருஷமா அன்னாசி வாங்கியாந்தேன். அதுல அவளுக்கு வருத்தம்."

"சரியா சொன்னாரா அம்மா?"

"தொண்ணூறு பர்சன்ட்," என்றார் யோகேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அப்போதுதான் மூவருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. புஷ்பவள்ளி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபினி அப்பாவையும் அம்மாவையும், பிறகு ஜீவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னப்பா இது? நீங்க சண்ட போட்டு நான் பாத்ததே இல்லையே. இவர் சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி ஒப்பிக்கிறீங்க? இவர உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

காளிதாஸ் வாயைத் திறந்தார். சாமி விளக்கைப் பார்த்தார். மூடிக்கொண்டார். யோகேஸ்வரி குனிந்து சேலைத் தலைப்பைத் திருகினார்.

"ஜீவன், நீங்க சொல்லுங்க. தெரியுமா?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஜீவன் எழுந்தான். எழுந்ததும் என்னவோ மனம் தெளிந்துவிட்டது.

"ரூபினி, அதுக்கு நான் ஆமான்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன். எனக்கு வேற பொண்ணு எதுவும் கெடயாது. அமண்டாவுக்கு வர்ற வருஷம் பேரப்புள்ள பொறக்கப்போவுது. உன்ன கட்டிக்கணும்னு எட்டு மாசமா கனா கண்டுக்கிட்டு இருக்கேன். ஆனா இன்னைக்குத் தட்டு மாத்த என்னால முடியாது. ஏன்னு கேக்காத."

"கேப்பேன்!" ரூபினியின் கண் நிறைந்துவிட்டது. "என்ன வேணாம்னு சொல்லிட்டுக் காரணமும் சொல்லமாட்டீங்க. அது எந்த ஊரு நியாயம்?"

"ஒருத்தர் நம்பி என்கிட்ட ஒன்னு சொன்னா அது என்னோடயே போகணும். அத வித்து உன்ன கட்டிக்கிட்டா, நாளைக்கு நீ சொல்றதயும் ஒருநாள் விப்பேன். அப்படிப்பட்டவன் உனக்கு வேணாம்." ஜீவன் தட்டுகளைப் பார்த்தான். "எனக்கும் வேணாம்."

காளிதாஸ் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யோகேஸ்வரி கணவரின் தொடையைக் கிள்ளி, "சொல்லுங்களேன்," என்று உதடசைத்தார். "நீ சொல்லேன்," என்று அவர் உதடசைத்தார். மகளைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சொல்லவில்லை.

"எல்லாம் போச்சு," என்று புஷ்பவள்ளி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். ஜீவன் ஆப்பிள் தட்டை எடுத்துக்கொண்டான். வந்தபோது இருந்ததைவிட அது கனமாக இருந்தது. ரூபினியைத் திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தான். பார்த்தால் போகமுடியாது என்று அவனுக்குத் தெரியும்.

வாசலில் அய்யாவு குறுக்கே நின்றார். இவ்வளவு நேரம் ஜீவனை முறைத்துக்கொண்டிருந்த மனிதரின் முகத்தில் இப்போது வேறு ஏதோ இருந்தது. அவர் ஜீவனைப் பார்த்தார். அழுதுகொண்டு நிற்கும் மருமகளைப் பார்த்தார். பிறகு அக்காவையும் மச்சானையும் பார்த்தார்.

"அய்யாவு, வேணாம்," என்றார் காளிதாஸ் ஈனக்குரலில். "சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்கதான மச்சான் பண்ணீங்க, நான் பண்ணல." அய்யாவு ஜீவனின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டார். "மாப்ள, உங்கள விசாரிக்கிறதுக்குத்தான் இவங்க சண்டக்கார ஜோடி மாதிரி நடிச்சுக்கிட்டு ஆறு வாரம் வந்தாங்க, கார் ஓட்டினது நான்தான், முப்பது வருஷமா ஒரு சண்டகூட போடாதவங்க, நீங்க குடுத்த ஹோம்வொர்க்க செஞ்சப்புறம்தான் நெசமாவே அடிச்சிக்கிறாங்க!"